திருவொற்றியூர் இரும்பும் பழவேற்காட்டு உப்பும்

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொடங்கி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று நீண்டு, பழவேற்காட்டு ஏரியின் தென்கரையில் முடியும் கடலோர நிலத்தை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாகவே பேசுகின்றன. பழவேற்காடு என்றால் 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும். திருவொற்றியூர் என்றால் பழைய சிவன் கோயிலும், இருபதாம் நூற்றாண்டில் அதைச் சூழ்ந்து வரிசைகட்டிய தொழிற்சாலைகளும். இவ்விரண்டையும் ஒரே வழியின் இரு முனைகளாக வைத்துப் பார்த்தால், கோட்டைக்கும் கோயிலுக்கும் தொடர்பில்லாத வேறொரு வரலாறு புலப்படுகிறது. தென்முனையில், அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை வடிவம் மாறாமல் வார்க்கப்பட்டுவந்த 'புல்லட்' மோட்டார் சைக்கிள். வடமுனையில், இரும்பு எதுவானாலும் சில பருவங்களுக்குள் அதைச் செதிலாக உதிர்த்துவிடும் உப்பங்கழி. பழைய புல்லட்டின் நீண்ட ஆயுளுக்கு அதன் உலோகத்தின் உறுதியே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். வடிவம் மாறாமல் நின்றதால் அதைச் சுற்றிப் பழகிப்போன கைகள் பெருகின என்பதும், அந்தக் கைகள் எட்டிய தூரம் வரைதான் அந்த வண்டி வாழ்ந்தது என்பதும் மீதிப் பாதி.

இந்தக் கரைக்கு நல்ல சாலை பிந்தித்தான் வந்தது, நீர்வழி முந்திக்கொண்டது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் முதலிட்டுச் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு வெட்டுவித்த கால்வாய், பிறகு பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக ஆட்களைக் கொண்டு அது மேலும் வெட்டி இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் நெல்லும் இக்கால்வாயில் தோணியேறிச் சென்னைக்குப் போயின. மண் தூர்ந்தும், 1960களிலும் 1976-இலும் வீசிய புயல்களில் கரை உடைந்தும், அவ்வழி பயனற்றுப்போன அதே காலத்தில்தான் மோட்டார் வண்டிகள் இப்பகுதியில் பெருகத் தொடங்கின. ஆகவே இக்கரையில் மோட்டார் சைக்கிளின் வருகையைக் குதிரைவண்டிக்கு மாற்றாக வந்ததாகக் கொள்வதைவிடத் தோணிக்கு மாற்றாக வந்ததாகக் கொள்வதே பொருந்தும்.

கால்வாயோரமாகவே தொழிற்சாலைகளும் எழுந்தன. 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1960களில் அங்கேயே டயர் உற்பத்தியில் இறங்கியது. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆயிற்று. சக்கரத்துக்கு வேண்டிய ரப்பரும் வார்ப்படமும் கடைசல் வேலையும் தெரிந்த தொழிலாளர்கள் ஒரு நாளில் நடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் குடியேறிய வட்டாரம் அது. புல்லட் இங்கு வந்து வேர்விட்டதை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் என்னும் ஊர். அங்கே இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901 முதல் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் செய்துவந்தது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் அதன் வண்டி ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. பின்சக்கரம் ஆடும் கவையொன்றில் அமர்ந்து, இருபுறமும் ஷாக் அப்சார்பர் தாங்க ஓடும் 350 சி.சி. புல்லட், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்த வடிவம். சுதந்திர இந்தியாவின் படைக்கு எல்லைச் சுற்றுக்காவலுக்கு ஏற்ற வண்டி தேவைப்பட்டபோது, 1950களின் தொடக்கத்தில் 800 புல்லட்டுகளுக்கு ஆணை தரப்பட்டது; அவற்றை இங்கே இறக்குமதி செய்து விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1956-இல் திறக்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்து உதிரிகளாகப் பெட்டிகளில் வந்தவற்றைப் பூட்டி அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகளை வெளியே அனுப்பியது. மறு ஆண்டே அச்சுகளும் கருவிகளும் இந்தியாவுக்கு விற்கப்பட்டன. 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இங்கேயே செய்யப்படலாயின.

இதற்குப் பின் நடந்ததுதான் விசித்திரம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-உடன் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றுபோனது. தாய் நிறுவனம் இல்லாமல்போனதால், வடிவத்தை மாற்றச் சொல்லும் குரலும் இல்லாமல்போயிற்று. உரிமம் பெற்றே உற்பத்தி செய்யவேண்டிய அக்காலத்து இந்தியப் பொருளாதாரத்தில், வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்ததால், புதிய வடிவத்தைத் தேட வேண்டிய அவசரமும் உற்பத்தியாளருக்கு இல்லை. 1977-இல் திருவொற்றியூரிலிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானபோது, அங்கிருந்த முதியவர்களுக்குத் தங்கள் இளமைக்காலத்து வண்டி புதிதாகவே வந்து இறங்கியது. தேக்கம் என்று பொருளியலாளர் பெயரிடும் இந்த நிலைதான், சாலையோரப் பட்டறைக்காரரின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு தொழில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதற்கான முதலீடாக அமைந்தது. ஒருமுறை கற்ற வேலை முப்பது ஆண்டுக்குச் செல்லுபடியாகும் என்ற உறுதியை வேறெந்த இந்திய மோட்டார் சைக்கிளும் மெக்கானிக்குக்கு இந்த அளவு தரவில்லை.

அந்த வண்டியின் உள்ளமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பழுதுபார்க்கும் கலை முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிடப் பயணத்தூரம் கூடிய இவ்வகை இன்ஜின், வேகமாகச் சுழலாமல், குறைந்த சுழற்சியிலேயே இழுவையைத் தரக்கூடியது. 18 குதிரைத்திறனே உடைய வண்டி இரண்டு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேடேறுவதும், அதன் சத்தம் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி அடியாக எண்ணக்கூடியபடி கேட்பதும் இதனால்தான். சிலிண்டர் வார்ப்பிரும்பாலானது. இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்காமல் தனித்தனி உறுப்புகளாகப் போல்ட்டால் இணைந்திருந்ததால், கியர் பெட்டியில் கோளாறென்றால் இன்ஜினைத் தொடவேண்டியதில்லை, இன்ஜின் இறக்கவேண்டுமென்றால் கியர் பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை. கியர் மிதி வலக்காலிலும், பின் பிரேக் இடக்காலிலும் இருந்தன. முதல் கியர் மேலே தூக்கினால் விழும், மற்ற மூன்றும் கீழே அழுத்தினால் விழும். கியரிலிருந்து ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவர, குதிகாலால் மிதிக்கும் தனிச் சிறு மிதியொன்றும் உண்டு.

வண்டியைக் கிளப்புவது தனி வித்தை. கைப்பிடியருகே டீகம்ப்ரஸர் என்ற நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் சிலிண்டரில் அடைபட்ட காற்று சிறு வால்வு வழியாக வெளியேறி, கிக்கரை மெல்ல நகர்த்த இடங்கொடுக்கும். முகப்பு விளக்கின் கூட்டில் பதித்த அம்மீட்டர் என்னும் மின்னோட்ட அளவியின் முள், சாவியைத் திருகியதும் இடப்பக்கம் சாய்ந்து, மின்சாரம் செலவாவதைக் காட்டும். கிக்கரை அங்குலம் அங்குலமாக இறக்கும்போது அந்த முள் சட்டென்று நடுவுக்குத் துள்ளினால், மின்பொறியைப் பிறப்பிக்கும் தொடுமுனைகள், அதாவது பட்டறை மொழியில் 'பாயிண்ட்', பிரிந்துவிட்டன என்றும், பிஸ்டன் தன் உச்சியை நெருங்கிவிட்டது என்றும் பொருள். அதன்பின் கிக்கரை மயிரிழை தள்ளி, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையை இறக்கி ஒரே மிதி. உச்சிக்கு முன்பே மிதித்தவரின் கணுக்காலைக் கிக்கர் திருப்பி அடித்துவிடும். முள்ளைப் பார்த்து மிதிக்கத் தெரிந்தவருக்குப் பலத்தின் தேவை பெரிதாக இருந்ததில்லை; புல்லட்டை ஆண்மையின் அடையாளமாக்கிய சினிமாவும் விளம்பரமும் இந்த எளிய உண்மையை மறைத்ததும் உண்டு.

பராமரிப்பும் இவ்வாறே கண்ணாலும் விரலாலும் அளக்கும் வேலையாக இருந்தது. பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இருக்கவேண்டும். அதற்கென்று ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளின் கட்டு உண்டு. வால்வுகளை இயக்கும் நீண்ட தண்டுகளான புஷ்ராடுகளின் தளர்வைச் சரிசெய்யும் 'டேப்பெட்' வேலைக்கோ அந்தத் தகடும் வேண்டாம்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சிலிண்டரின் அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்து, தண்டை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து உருட்டினால் அது தடையின்றிச் சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைப் புத்தகத்தால் கற்பிக்க இயலாது. குருவின் விரல் பட்ட தண்டை உடனே தொட்டுப் பார்த்துத்தான் சீடன் அறிந்துகொள்ள முடியும். பட்டறைச் சிறுவர்கள் முதல் ஓராண்டு ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பதும் மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவுவதுமாகவே கழித்ததற்குப் பின்னால் இந்தப் பயிற்சி முறை இருந்தது. அந்த ஸ்பேனர்களும் தனி வகை. வண்டி ஆங்கிலேய வடிவமாதலால் அதன் மரையாணிகள் நெடுங்காலம் மில்லிமீட்டர் கணக்குக்கு வராமல் அங்குலக் கணக்கிலேயே இருந்தன. ஜப்பானிய வண்டிகளுக்கு வாங்கிய ஸ்பேனரை அவற்றில் போட்டால் நட்டின் முனை மழுங்கும்.

சிலிண்டர் தேய்ந்துபோனால் வண்டியின் ஆயுள் முடிந்துவிடாது. தேய்ந்த உட்சுவரை லேத் பட்டறையில் கடைந்து வட்டமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதற்கு 'போர் போடுதல்' என்று பெயர். அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று படிப்படியாகப் பெருத்த பிஸ்டன்கள் கடையில் கிடைத்தன. மூன்றாவது முறைக்கும் பிறகு தேய்ந்தால், சிலிண்டருக்குள் புதிய இரும்புக் குழலொன்றை இறக்கி, 'ஸ்லீவ் போட்டு', மீண்டும் முதல் அளவிலிருந்து தொடங்கலாம். போர் போட்ட வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டராவது முறுக்காமல் மெதுவாக ஓட்டிப் பழக்கவேண்டும் என்பது பட்டறையின் கண்டிப்பான கட்டளை. ஒரு வண்டியின் சட்டத்தில் மூன்று தலைமுறை இன்ஜின் வேலைகள் அடுக்கடுக்காகப் படிந்திருப்பது இவ்வாறே.

இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு இடங்களிலிருந்து வந்தன. புதிய உதிரிகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கடைகள். பழையவற்றுக்குக் கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் உறுப்புகளைக் குவித்து விற்கும் புதுப்பேட்டையில், படைத்துறையும் காவல்துறையும் ஏலம்விட்ட புல்லட்டுகளின் ஹப், கிராங்க் கூடு, மட்கார்டு ஆகியவை புழங்கின. வடிவம் மாறாததால் பத்தாண்டு முந்திய வண்டியின் உறுப்பு பத்தாண்டு பிந்திய வண்டியில் பெரும்பாலும் அப்படியே பொருந்தியது என்பதே இச்சந்தையின் அச்சாணி. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துப் பட்டறைக்காரருக்குப் புறநகர் ரயிலில் ஏறினால் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் இவ்விரு சந்தைகளும் அமைந்தது, தொலைதூர மாவட்டங்களின் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காத வசதி.

இனி வடமுனை. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வந்து கலக்கும் பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர்க் காயல். ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் விரிவுள்ள அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், முகத்துவாரத்தை ஒட்டிய தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறக்குறைய நன்னீராகிவிடும் இந்நீர், மழையில்லாத கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடலைவிடவும் கரிக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டை நெடுங்காலமாகப் பேணிவந்திருக்கிறார்கள். முறை வரும் நாளில் மட்டும் நல்ல வருவாய், மற்ற நாளில் சிறு வருவாய் என்று அமைந்த வாழ்க்கையில், பெட்ரோலும் எண்ணெயும் அடிக்கடி கேட்கும் 160 கிலோ எடையுள்ள வண்டிக்கு இடம் குறைவு என்பது ஊகிக்க எளிது.

அதனால் பிடித்த இறாலையும் மடவையையும் நண்டையும் சந்தைக்குக் கொண்டுசென்றது புல்லட் அன்று. தலைச்சுமையும் சைக்கிளும் பேருந்தும் சுமந்த அவ்வேலையில், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-உம் அதன் வழித்தோன்றல்களும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே தாழ்வாகத் திறந்துகிடக்கும் இடத்தில் மீன் பெட்டியோ கூடையோ கச்சிதமாக உட்காரும். பின்னால் இன்னொன்று கட்டலாம். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினால் ஓடும் அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வும் இல்லை, டேப்பெட்டும் இல்லை. பழுதானால் மரத்தடியிலேயே பிரித்து மாட்டலாம். புல்லட்டின் புகழைப் பாடும் எழுத்துகள் பல, கடற்கரைப் பொருளாதாரத்தை உண்மையில் சுமந்த இந்தச் சிறு வண்டியைக் கண்டுகொள்வதேயில்லை. எளிதில் பழுதுபார்க்கத்தக்கது என்ற புல்லட்டின் பெருமையை அளவுகோலாகக் கொண்டாலும், மீன் வியாபாரியின் தேவையைப் பொறுத்தவரை மொபெட் அதை வென்றது.

மொபெட்டோ புல்லட்டோ, இங்கே இரண்டுக்கும் பொதுவான பகை உப்பு. காற்றில் மிதந்துவரும் உப்புத்துளி ஈரத்தை இழுத்துப் பிடித்துவைப்பதால், வெயில் காயும் வேளையிலும் உலோகத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது; மீனோடு உருகும் ஐஸ் தண்ணீர் வண்டியின் சட்டத்திலும் செயினிலும் சொட்டும்போது அந்த அரிப்பு பன்மடங்காகிறது. குரோமியப் பூச்சு முதலில் புள்ளிபுள்ளியாகக் கொப்பளித்து, பின்பு ஏடாக உரியும். சக்கரக் கம்பிகள் நிப்பிளருகே மெலிந்து அறும். சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டையாகும். அலுமினியக் கூட்டில் இறங்கிய எஃகுத் திருகு இரு உலோகங்களும் அரிக்கப்பட்டு ஒட்டிக்கொள்வதால் திருகவே வராமல் முறியும். திருவொற்றியூரில் பெட்ரோல் டாங்கின் விளிம்பில் தூரிகை கொண்டு கையாலேயே இழுக்கப்பட்ட பொன்னிறக் கோடுகள், கடற்கரை ஊரொன்றில் மூடிவைக்காமல் நின்ற வண்டியில் எத்தனை பருவம் தாங்கும் என்பது வண்டியைவிட அதை வைத்திருப்பவரைப் பொறுத்தது.

உப்போடு மல்லுக்கட்டும் அறிவு இக்கரைக்கு மோட்டாரோடு வந்ததன்று. கட்டுமரத்தின் மரங்களை வேலை முடிந்ததும் அவிழ்த்து மணலில் காயவைப்பதும், படகுப் பலகைகளுக்குச் சுறா ஈரல் எண்ணெய் பூசுவதும் தமிழகக் கடற்கரையின் பழைய வழக்கங்கள். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைச் சட்டத்தின் அடியிலும் செயினிலும் ஸ்டாண்டிலும் துணியால் பூசிவைக்கும் பட்டறை வழக்கம், பொருள் மாறினாலும் அதே யோசனையின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. 1990களில் கண்ணாடியிழைப் படகுகள் பரவி, 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகவும் ஏராளமாக வந்து சேர்ந்தபோது, பலகைக்கு எண்ணெய் பூசும் வேலை குறைந்தது. இரும்புக்குப் பூசும் வேலை குறையவில்லை.

படகுக்கும் வண்டிக்கும் இன்னொரு நெருங்கிய உறவும் உண்டு. கிரீவ்ஸ் நிறுவனம் இத்தாலிய லம்பார்டினி வடிவத்தில் இந்தியாவில் செய்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்கள், மூன்று சக்கர வண்டிகளிலும் சிறு படகுகளிலும் ஓடின. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 325 சி.சி. இன்ஜினைப் பொருத்தித்தான் 1990களில் என்ஃபீல்டு இந்தியா 'டாரஸ்' என்ற டீசல் புல்லட்டை விற்றது. ஆறரைக் குதிரைத்திறன்தான், வேகமும் இல்லை, நடுக்கமோ பல்லைக் கிட்டவைக்கும், ஆனால் ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோல் புல்லட்டைப்போல இரு மடங்குக்குக் குறையாத தூரம் போனது. கடலோர மெக்கானிக்கைப் பொறுத்தவரை, படகில் பார்த்துப் பழகிய இன்ஜின் சாலையில் இரண்டு சக்கரத்தின் மேல் வந்து நின்றதுதான் டாரஸ். தொழிற்சாலையில் பிறந்த டீசல் புல்லட்டுகளைப் போலவே, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டறையில் டீசலைப் பூட்டிய வண்டிகளும் இந்தியாவின் பல பகுதிகளில் ஓடியதற்கு, இன்ஜினும் கியர் பெட்டியும் தனித்தனியாக இருந்த அந்த அமைப்பே வழிவிட்டது.

1980களின் நடுவில் சுசூகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி நிறுவனங்களின் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வந்ததும் புல்லட்டின் விற்பனை சரிந்தது. 1990-இல் பங்கு வாங்கி உள்ளே வந்த ஐஷர் குழுமம் 1994-இல் நிறுவனத்தை முழுமையாகக் கைக்கொண்டது. 2000-க்குப் பிறகு அலுமினிய சிலிண்டர் வந்தது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி வந்தது. கியர் மிதி வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஒரே கூட்டில் அடக்கிய புதிய வடிவம் வந்து, வார்ப்பிரும்பு சிலிண்டரின் காலம் முடிந்தது. 2013-இல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை திறந்தபோது உற்பத்தியின் பளு திருவொற்றியூரிலிருந்து தெற்கே நகர்ந்தது. புதிய வண்டிகள் எண்ணெய் ஒழுக்காதவை, வழியில் நிற்காதவை, எல்லா வகையிலும் மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் விரலால் உருட்டிப் பார்க்கும் புஷ்ராடும் தகடு நுழைத்துப் பார்க்கும் பாயிண்டும் அவற்றில் இல்லாததால், அந்த வேலையை மட்டுமே கற்ற மெக்கானிக்கின் கை பழைய வண்டிகளோடு சேர்ந்து ஒதுங்கியது.

அந்தப் பழைய வண்டிகளின் உலகம் இதன்பின் வேறாயிற்று. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லுபடியாகி, அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும் என்ற விதியின்படி, இன்று ஓடும் ஒவ்வொரு வலப்பக்க கியர் புல்லட்டும் ஒருமுறையேனும் தன் தகுதியை மெய்ப்பித்ததாகும். அன்றாடத் தேவைக்கு வேறு வண்டி வைத்துக்கொண்டு, நெடும்பயணத்துக்கென்று மட்டும் இவற்றைப் பேணுவோர் சென்னையில் பெருகியபோது, சென்னையிலிருந்து 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காடு அவர்களுடைய காலைப் பயணத்துக்கு வாகான எல்லையாயிற்று. கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்புறம் திரும்பி, பொன்னேரியைக் கடந்தால், வயலும் உப்பங்கழியும் மாறிமாறி வரும் குறுகிய சாலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவென்றே அமைந்த இன்ஜினுக்கும், குண்டு குழியில் உருண்டு போகவல்ல 19 அங்குலச் சக்கரத்துக்கும் அச்சாலை பொருந்தியது. பழைய வண்டியில் கிளம்புவோரின் பையில் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ஒரு ஜோடி பாயிண்ட், கண்டென்சர், செயின் லாக், டியூப் ஆகியவை இருப்பது எழுதப்படாத விதி. இன்ஜினின் அதிர்வில் கழன்று விழும் நட்டுகளுக்குப் பதிலாகச் சில நட்டுகளும்.

ஏரிக்கரையில் சில மணி நேரம் நின்று திரும்பிய வண்டிக்கு அன்று மாலையே செய்யவேண்டிய வேலைகளின் வரிசை பழைய பட்டறைகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரால், அழுத்திப் பீய்ச்சாமல், மட்கார்டின் உட்புறமும் ரிம்மும் ஸ்டாண்டும் கழுவப்படும். ஈரம் உள்ளே தங்காதிருக்க வண்டி சிறிது தூரம் ஓட்டப்பட்டு, இன்ஜின் சூட்டிலேயே காயவிடப்படும். செயின் துடைத்து எண்ணெயிடப்படும். பாயிண்ட் மூடி திறந்து, தொடுமுனைகளில் வெண்மை படர்ந்திருந்தால் நைசான உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்கப்படும். கடைசியாக, பாட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் கம்பி. விளக்கு மங்குவதும் ஹாரன் கம்முவதும் அம்மீட்டர் முள் காரணமில்லாமல் தத்தளிப்பதும் பெரும்பாலும் இந்த ஒற்றைக் கம்பியின் முனையில் உப்பு ஏறியதால் வருபவை. பச்சை பூத்த அம்முனையை உடைந்த ஹேக்ஸா பிளேடின் துண்டால் சுரண்டி, செம்பின் நிறம் தெரிந்ததும் சிட்டிகை கிரீஸ் வைத்துத் திருகை இறுக்கினால், முள் மீண்டும் நடுவில் வந்து நிற்கிறது.